பன்னிரண்டு ஆண்டுகளில் தீராத எண்ணெய்

“நம்ம நாட்டு எண்ணெய் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷந்தான். அதுக்கப்புறம் கிணறு காலி.” மலேசியாவின் ஜுரு வட்டாரத்தில் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. நெடுஞ்சாலை டோல், ஆட்டோ சிட்டியின் கார் விற்பனைக் கூடங்கள், புக்கிட் மின்யாக்கிலும் பிறையிலும் இரவு பகலாக லாரிகள் வந்துபோகும் தொழிற்பேட்டைகள் என வாகனத்தை நம்பியே பிழைக்கும் வட்டாரம் இது. இங்கே எண்ணெயைப் பற்றிப் பேசுவது வீட்டுச் செலவைப் பற்றிப் பேசுவதுதான். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியபோது, “எண்ணெய் தீருது, அதான்” என்றார்கள். 2025 செப்டம்பர் இறுதியில், குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டி ரோன்95 பெட்ரோலை 1 ரிங்கிட் 99 சென்னுக்கு வாங்கும் முறை வந்தபோதும் அதே விளக்கம்தான். பெட்ரோலியப் பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளையை, “நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள எண்ணெய் முடிஞ்சிடும்” என்று திருப்பி அனுப்புவதும் இதே நம்பிக்கைதான்.

இப்படிச் சொல்பவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நாட்டின் நிரூபிக்கப்பட்ட எண்ணெய் இருப்பை ஓராண்டு உற்பத்தியால் வகுத்தால், மிச்சமுள்ள ஆண்டுகள் கிடைத்துவிடும் என்பது அந்தக் கணக்கு. பிபி நிறுவனத்தின் புள்ளிவிவர வெளியீட்டின்படி 2020 இறுதியில் மலேசியாவின் இருப்பு 270 கோடிப் பீப்பாய். அன்றைய வேகத்தில் எடுத்தால் ஏறத்தாழ பன்னிரண்டரை ஆண்டுக்கு வரும். நாளிதழும் அரசியல் மேடையும் தேநீர்க் கடையும் எடுத்தாள்வது இந்த வகுத்தலைத்தான்.

வகுத்தலில் பிழை இல்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவு அடியோடு பிழை. இருப்பு என்று நாம் சொல்லும் எண், நிலத்துக்கு அடியில் கிடக்கும் எண்ணெயின் அளவு அல்ல. உற்பத்தி என்று நாம் சொல்லும் எண் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. இரண்டையும் வகுத்து வரும் விடை எந்த நாட்டின் எதிர்காலத்தையும் முன்கூட்டிச் சொன்னதில்லை. இந்த விடையைப் பிடித்துக்கொண்டு, கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை எல்லாம் கேட்காமலே ஒரு தலைமுறையைக் கழித்துவிட்டோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

மலேசியாவை வைத்தே இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்கலாம். 2007-இன் தொடக்கத்தில் மலேசியாவின் நிரூபிக்கப்பட்ட இருப்பு 300 கோடிப் பீப்பாய் என்று அமெரிக்காவின் ஆயில் அண்ட் கேஸ் ஜர்னல் வெளியிட்டது. அப்போது நாளொன்றுக்கு 7 லட்சம் பீப்பாய் அளவில் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆண்டுக்கு 25 கோடிக்குச் சற்று அதிகம். வகுத்தால் பன்னிரண்டு ஆண்டு. அதன்படி 2019-லேயே கடைசிச் சொட்டும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எடுத்த எண்ணெய் அந்த 300 கோடியைத் தாண்டிவிட்டது. இன்னமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லட்சம் பீப்பாய் வந்துகொண்டிருக்கிறது. 2007-இல் பன்னிரண்டு; பதின்மூன்று ஆண்டு கழித்து வேறொரு வெளியீட்டின் கணக்கிலும் பன்னிரண்டு. கெடு வைத்த நாள் தாண்டியும் அதே கெடுவைச் சொல்லும் ஒரு கணக்கை இன்னும் எதற்காக நம்ப வேண்டும்?

இதே 2007-ஆம் ஆண்டில் நாட்டின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் சொன்ன இருப்பு 500 கோடிப் பீப்பாய்க்கு மேல். அதை வகுத்தால் இருபது ஆண்டுக்கும் அதிகம். ஒரே நாடு, ஒரே கடல், ஒரே ஆண்டு. விடையோ ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு இன்னொன்று. இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு கட்டத் தேவையில்லை. எரிவாயுவோடு சேர்ந்து வரும் கண்டென்சேட் என்னும் இலேசான எண்ணெயைக் கணக்கில் சேர்த்தார்களா, எந்த அளவு உறுதி இருந்தால் ஒரு பீப்பாயை எண்ணலாம் என்று வைத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். பெட்ரோலியப் பொறியாளர்கள் இருப்பை மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். இவ்வளவாவது கிடைக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு உண்டு என்றால் அது நிரூபிக்கப்பட்டது. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ளதையும் சேர்த்தால் அடுத்த படி. பத்து விழுக்காடு வாய்ப்பு மட்டுமே உள்ளதையும் சேர்த்தால் கடைசிப் படி. அதாவது இருப்பு என்பது வாய்ப்புகளைக் கொண்டு கட்டிய ஒரு மதிப்பீடு. அதை ஒற்றை எண்ணாகச் சுருக்கிப் பலகையில் எழுதும்போதே பாதி உண்மை கழன்றுவிடுகிறது.

மதிப்பீடு ஏன் இப்படி ஆட்டம் காண்கிறது என்பதற்குப் பாறைதான் பதில் சொல்ல வேண்டும். எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோலத் தேங்கி நிற்கவில்லை. மணற்பாறையின் நுண்ணிய துளைகளில் உப்புநீரோடும் வாயுவோடும் கலந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நில அதிர்வு அலைகளைக் கொண்டு பாறையின் பரப்பை வரைகிறார்கள். கிணற்றிலிருந்து எடுத்த பாறைத் துண்டைக் கொண்டு துளைகளின் பங்கையும், துளைக்குள் எண்ணெயின் பங்கையும் அளக்கிறார்கள். நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்புக்கு நான்கைந்து கிணறுகளின் சாட்சிதான் இருக்கும். அதை வைத்துத்தான் உள்ளே மொத்தம் எவ்வளவு என்று கணிக்கிறார்கள். அதற்கு அடுத்து, அதில் எவ்வளவு வெளியே வரும் என்ற இரண்டாவது கணிப்பு. தேங்காய்த் துருவலைப் பிழிவதுபோலத்தான் இது நடக்கிறது. பாறையின் சொந்த அழுத்தத்தில் தானாக வருவது முதல் பால். தண்ணீரை உள்ளே செலுத்தித் தள்ளி எடுப்பது இரண்டாம் பால். நீராவி, வாயு, வேதிப்பொருள் கொண்டு கெஞ்சிக் கூத்தாடி எடுப்பது மூன்றாம் பால். அதற்குப் பிறகும் சக்கையில் பால் இருக்கத்தான் செய்யும். உலக அளவில், பாறையில் உள்ள எண்ணெயில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மீதி அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆகவே ‘மீட்கத்தக்கது’ என்ற எண்ணைத் தீர்மானிப்பதில் பாறைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, பிழியும் கைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. 1969-இல் நார்வே தன் கடலில் எகோஃபிஸ்க் வயலைக் கண்டபோது, அதிலுள்ள எண்ணெயில் 17 விழுக்காடு அளவுக்கே எடுக்க முடியும் என்று கணித்தார்கள். 1987 முதல் பெரிய அளவில் நீர் செலுத்தியபின் அந்தக் கணிப்பு 50 விழுக்காட்டை எட்டியது. கலிஃபோர்னியாவின் கெர்ன் ரிவர் வயல் 1899-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1942-இல் அங்கே மிச்சம் 5.4 கோடிப் பீப்பாய் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த நாற்பத்து நான்கு ஆண்டுகளில் எடுத்தது 73 கோடிக்கும் மேல். நீராவி செலுத்தக் கற்றுக்கொண்டதால் வந்தது அது. நம் திரங்கானு கடலிலும் 1969-இல் கண்டெடுத்த தாப்பிஸ் வயலில், நீரையும் வாயுவையும் மாற்றி மாற்றிச் செலுத்தும் திட்டத்தை 2014-இல் தொடங்கினார்கள். வயதான வயலிலிருந்து மூன்றாம் பால் எடுக்கும் முயற்சிதான் அது.

நுட்பம் மாறாமல் இருந்தாலும் விலை இந்த எண்ணை மாற்றிவிடும். அமெரிக்கப் பங்குச்சந்தை விதிப்படி, அந்த ஆண்டின் சராசரி விலையில் லாபமாக எடுக்க முடிந்ததை மட்டுமே நிரூபிக்கப்பட்ட இருப்பு என்று நிறுவனங்கள் காட்டலாம். 2016-இல் விலை படுத்திருந்தபோது எக்ஸான்மொபில் நிறுவனம் கனடாவின் கியர்ல் எண்ணெய் மணலில் உள்ள 300 கோடிப் பீப்பாய்க்கு மேற்பட்ட எண்ணெயைத் தன் கணக்கிலிருந்து நீக்கியது. விலை ஏறியதும் 2018-இல் பெரும்பகுதி கணக்குக்குத் திரும்பியது. 2020-இல் விலை சரிந்ததும் மறுபடி வெளியேறியது. மலேசியா பன்னிரண்டு ஆண்டுகளில் எடுக்கும் அளவுக்கு எண்ணெய், பேரேட்டில் மட்டும் போய்ப் போய் வந்தது. மண்ணுக்கு அடியில் ஒரு சொட்டும் கூடவில்லை, குறையவில்லை.

அரசியலும் எண்ணைத் தொடும். 1980-களில் ஓபெக் நாடுகள் ஒவ்வொன்றும் எவ்வளவு விற்கலாம் என்ற பங்கீட்டை இருப்போடு இணைத்துப் பேசத் தொடங்கின. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் நாடு நாடாக இருப்பு துள்ளிக் குதித்தது. ஈராக் 1987-இல் சரியாக 10,000 கோடிப் பீப்பாய் என்றது. சவூதி அரேபியாவின் எண் ஏறத்தாழ 17,000 கோடியிலிருந்து 26,000 கோடியை நெருங்கியது. அதற்கு ஈடான புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. அடுத்த பல ஆண்டுகள் கோடிக் கணக்கில் எடுத்து விற்றும் அந்த எண் அசையவே இல்லை. நாடுகள் மட்டுமா? 2004 ஜனவரியில் ஷெல் நிறுவனம், தான் நிரூபிக்கப்பட்டதாகச் சொல்லிவந்த இருப்பில் ஐந்தில் ஒரு பங்கை, 390 கோடிப் பீப்பாயை, அந்தப் பட்டியலிலிருந்து எடுப்பதாக அறிவித்தது. மார்ச் மாதம் அதன் தலைவர் பிலிப் வாட்ஸ் பதவி விலகினார். 1910-இல் மிரியில் மலேசியாவின் முதல் கிணற்றைத் தோண்டிய நிறுவனமே இப்படி என்றால், இருப்பு எண்ணை வேதவாக்காகக் கொள்ள யாருக்கும் நியாயமில்லை.

எகோஃபிஸ்கையும் கெர்ன் ரிவரையும் பார்த்து, எண் எப்போதும் குறைத்தே சொல்லப்படும், உண்மை அதைவிடப் பெரிதாகவே இருக்கும் என்று சிலர் மகிழ்ந்துவிடக்கூடும். அவர்கள் ஆந்திரக் கரையைப் பார்க்க வேண்டும். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ரிலையன்ஸ் நிறுவனத்தின் டி6 பகுதியில், இரண்டு முதன்மை வயல்களிலிருந்து 10 லட்சம் கோடி கன அடி எரிவாயு கிடைக்கும் என்று திட்டமிட்டார்கள். 2009 ஏப்ரலில் வாயு வரத் தொடங்கியது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் என்பது இலக்கு. 2010-இல் 6 கோடியைத் தொட்டதும் சரிவு தொடங்கியது. பாறை எதிர்பார்த்தபடி இல்லை என்றது நிறுவனம். சொன்ன அளவுக்குக் கிணறு தோண்டவில்லை என்றது அரசு. மதிப்பீடு மூன்றில் ஒரு பங்குக்குக் கீழிறங்கியது. 2020 பிப்ரவரியில் அந்த வயல்கள் மூடப்பட்டன. அந்த வாயுவை நம்பி ஆந்திராவில் கட்டிய மின் நிலையங்கள் எரிபொருள் இல்லாமல் முடங்கின. கணிப்பு மேலும் தவறும், கீழும் தவறும். அது எந்தப் பக்கம் தவறும் என்பதும் முன்கூட்டித் தெரியாது.

இனி வகுத்தலுக்கு வருவோம். இருப்பு எண் துல்லியமாகவே இருந்தாலும் ‘இன்னும் இத்தனை ஆண்டு’ என்ற விடை பொருளற்றது. உலகிலேயே மிகப் பெரிய எண்ணெய் இருப்பு வெனிசுவேலாவுடையது. ஏறத்தாழ 30,000 கோடிப் பீப்பாய். ஒருகாலத்தில் நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்த அந்த நாடு, 2020-இல் 6 லட்சத்துக்கும் கீழே போனது. பராமரிப்பின்மை, முதலீட்டின்மை, தடைகள், வெளியேறிய பொறியாளர்கள் என்று காரணங்கள் பல. நம்மவர்களின் வகுத்தலைப் போட்டால் வெனிசுவேலாவுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் எண்ணெய் இருக்கிறது. அதே 2020-இல் அந்நாட்டு மக்கள் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஈரானிலிருந்து கப்பல்களில் பெட்ரோல் வந்து இறங்கியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். இந்த வகுத்தலின் கோணலையும் கவனியுங்கள்: உற்பத்தி எவ்வளவு படுகிறதோ, ‘மிச்ச ஆண்டு’ அவ்வளவு நீள்கிறது. நோய் முற்ற முற்ற ஆயுள் கூடுவதாகச் சொல்லும் கணக்கு இது.

அப்படியானால் எண்ணெய் தீரவே தீராது என்கிறீர்களா என்று கேட்பீர்கள். அதைச் சொல்லவில்லை. ‘தீராது’ என்பவர்களும் இதே தவறான கேள்விக்குத்தான் எதிர்ப்பதில் சொல்கிறார்கள். எண்ணெய் ஒரு நாள் சட்டென்று நின்றுபோவதில்லை. அது ஒரு உச்சத்தைத் தொட்டு, பிறகு நீண்ட காலம் மெலிந்துகொண்டே, செலவு ஏறிக்கொண்டே வருகிறது. மிரியில் கனடா குன்றின் முதல் கிணறு 1910 டிசம்பரில் நாளொன்றுக்கு 83 பீப்பாய் தந்தது. மிரி வயலின் உச்சம் 1929. அந்தக் கிணற்றை மூடியதோ 1972-இல். உச்சத்துக்கும் மூடலுக்கும் இடையே நாற்பத்து மூன்று ஆண்டு. மூடிய பிறகும் அந்த வட்டாரம் வற்றிவிடவில்லை. 2013-இல் மிரிக்கு அருகே தரைப்பகுதியில் புதிதாக எண்ணெய் கண்டதாகப் பெட்ரோனாஸ் அறிவித்தது. அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சத்தைத் தொடும் என்று 1956-இலேயே சொன்னவர் கிங் ஹப்பர்ட். அவர் சொன்னபடி 1970-இல் அது நடந்தது. ஆனால் பாறையைப் பிளந்து எடுக்கும் முறை பரவியபின், 2018-இல் அந்நாடு அந்தப் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஹப்பர்ட் பார்த்தது ஓட்டத்தை, ஆண்டுக் கணக்கை அல்ல. அதனால்தான் அவர் சொன்னது பாதியாவது நிலைத்தது.

மலேசியாவின் ஓட்டமும் 2004-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. சபா ஆழ்கடலில் 2007-இல் உற்பத்தி தொடங்கிய கிக்கே, அடுத்து வந்த குமுசுட்-காக்காப், மலிக்காய் போன்ற வயல்கள் இறக்கத்தைத் தடுத்துப் பிடித்தனவே தவிர, திருப்பவில்லை. ஆழம் கூடக் கூடச் செலவும் கூடுகிறது. 2010-களின் நடுப்பகுதியிலிருந்து, கச்சா எண்ணெயையும் எரிபொருளையும் சேர்த்துப் பார்த்தால், நாம் விற்பதைவிட வாங்குவது அதிகம். தரமான தாப்பிஸ் எண்ணெயை நல்ல விலைக்கு விற்று, மலிவான கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரிக்கிறோம். இந்த உண்மைகள் எதுவும் ‘பன்னிரண்டு ஆண்டு’ என்ற விடைக்குள் இல்லை. இருந்திருந்தால், டீசல் விலை ஏறியதற்குக் காரணம் வற்றிய கிணறு அல்ல, மானியச் சுமையும் கடத்தலும் கருவூலத்தின் முடிவும்தான் என்று ஜுருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பம்பில் வரும் விலையை நிலத்தடிப் பாறை நிர்ணயிப்பதில்லை. அதை நிர்ணயிப்பவர்களைக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில், நாம் பாறையின்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்கிறோம்.

இந்தக் கேள்விகளைச் சரியாகக் கேட்ட காலம் ஒன்று இந்நாட்டிலேயே இருந்தது. 1974-இல் பெட்ரோலியச் சட்டமும் பெட்ரோனாஸும் வந்தன. 1980-இல் தேசிய எண்ணெய்க் குறைப்புக் கொள்கை வந்தது. ஒரு பெரிய வயலில் தொடக்கத்தில் இருந்த எண்ணெயில் ஆண்டுக்கு 1.75 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அது வரம்பு வைத்தது. 1985-இல் அது 3 விழுக்காடாக உயர்ந்தது. வரம்பு சரியா தவறா என்று வாதாடலாம். ஆனால் அதை வகுத்தவர்கள் வேகத்தைத்தான் கேள்வியாக வைத்தார்கள். 1988-இல், எண்ணெய்ப் பணத்தில் ஒரு பங்கைப் பிற்காலத் தலைமுறைக்கு ஒதுக்கும் தேசிய அறக்கட்டளை நிதி, குவான், உருவானது. அதிலும் கேள்வி சரியானதே: பாறையிலிருந்து வெளியேறும் செல்வம் எங்கே போய்ச் சேருகிறது?

பதில்தான் வேதனையானது. நார்வே 1990-இல் சட்டம் இயற்றி, 1996-இல் தன் எண்ணெய் நிதியில் முதல் தொகையைப் போட்டது. ஐம்பத்தைந்து லட்சம் பேர் வாழும் அந்த நாட்டின் நிதி இன்று ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. அதற்கு எட்டு ஆண்டு முன்பே தொடங்கிய நம் குவானில் 2021-இல் இருந்தது ஏறத்தாழ 2,000 கோடி ரிங்கிட். அதிலிருந்தும் கோவிட் தடுப்பூசிக்கு எடுக்க, அவசரகாலச் சட்டம் கொண்டுவந்து விதியைத் திருத்தினார்கள். தடுப்பூசிக்குச் செலவிட்டதில் தவறில்லை. ஆனால் பெட்ரோனாஸ் 2022-இல் மட்டும் அரசுக்குக் கொடுத்த ஈவுத்தொகை 5,000 கோடி ரிங்கிட். ஒரே ஆண்டின் ஈவுத்தொகை, முப்பது ஆண்டுச் சேமிப்பைப் போல இரண்டரை மடங்கு. எடுத்த எண்ணெயில் பெரும்பங்கு அந்தந்த ஆண்டின் செலவிலேயே கரைந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ‘இன்னும் பன்னிரண்டு ஆண்டு’ என்று அஞ்சியவர்களும் சரி, ‘அதெல்லாம் தீராது’ என்று தேற்றிக்கொண்டவர்களும் சரி, இந்த எண்ணைப் பற்றி ஒரு முறைகூடக் குரல் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மின்வாகனங்கள் பெருகினால், எடுக்க முடிந்த எண்ணெயையும் வாங்க ஆளில்லாமல் போகலாம். செலவு மிகுந்த ஆழ்கடல் எண்ணெய்தான் முதலில் பாறையிலேயே விடப்படும். ஆட்டோ சிட்டியில் இன்று மின்கார்களும் விலை பேசப்படுகின்றன. அந்த விற்பனையும் மலேசியாவின் மீட்கத்தக்க இருப்பைத் திருத்தி எழுதுகிறது. ஒரு நாட்டின் எண்ணெய்க் காலம் பாறை வற்றி முடிவதைவிட, விலையும் தேவையும் மாறி முடிவதற்கே வாய்ப்பு அதிகம். அப்போது கையில் சேமிப்பு இல்லாத நாடு, மண்ணுக்கு அடியில் இருக்கும் இருப்பைக் காட்டிக் கடன்கூட வாங்க முடியாது.

எனவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பெட்ரோலியப் பொறியியல் படிக்க விரும்பினால், எண்ணெய் தீர்ந்துவிடும் என்று தடுக்காதீர்கள். மெலியும் வயலுக்குத்தான் கைதேர்ந்த பொறியாளர் அதிகம் தேவை. நடுக்கடலில் ஓய்வுபெறக் காத்திருக்கும் பழைய மேடைகளைப் பத்திரமாக அகற்றவும், காலியான பாறைகளில் கரியமில வாயுவை அடைத்து வைக்கவும் அதே படிப்புதான் வேண்டும். படிப்பைத் தேர்வது பிள்ளையின் விருப்பத்தையும் சந்தையையும் பார்த்து நடக்கட்டும். ஒரு பொய்க் கெடுவைப் பார்த்து வேண்டாம்.

வாக்காளராகிய நமக்கும் வேலை இருக்கிறது. அடுத்த முறை தொகுதிக் கூட்டத்தில் எண்ணெயைப் பற்றிப் பேச்சு எழும்போது, எத்தனை ஆண்டு மிச்சம் என்று யாரும் கேட்க வேண்டாம். நிரூபிக்கப்பட்டது எவ்வளவு, பாதி வாய்ப்புள்ளது எவ்வளவு, என்ன விலையை வைத்து அதைக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். வயல்கள் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு மெலிகின்றன, ஒரு பீப்பாயை மேலே கொண்டுவர ஆகும் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். இந்த ஆண்டு எடுத்து விற்றதில் குவானுக்குப் போனது எத்தனை ரிங்கிட் என்று கட்டாயம் கேளுங்கள். இந்த எண்களை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கவேண்டும் என்று சட்டம் கோருவது பெரிய கோரிக்கை அல்ல. நிலத்தடிச் செல்வம் நாட்டு மக்களுடையது. அதன் முழுக் கணக்கைக் கேட்கும் உரிமையும் அவர்களுடையதே.